பெயரை வைத்துக்கொண்டு சொல்லை எடுத்தார்கள்

நேற்று பத்தாங் காலி டவுனில், நீ போய்வந்த டயாலிசிஸ் நிலையத்தைத் தாண்டி நடந்தேன். கதவு திறந்து மூடியதில் கிருமிநாசினி வாடை குப்பென்று வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

அங்கே ஒரு கையைக் குழாய்களுக்குக் கொடுத்துவிட்டு, மறு கையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருப்பாய். ஒரு கருவிக்கான விளக்கத்தை நீ ஆங்கிலத்தில் எழுதுவாய். பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழாக்குவேன். இசைப்பதிவு மென்பொருளைச் செயற்கை நுண்ணறிவு ஏஜண்டுகள் தாமே இயக்க வழிசெய்யும் இலவசக் கருவி அது. "தபேலாவைக் கொஞ்சம் குறை" என்று நாம் சொன்னால் போதும், ஏஜண்ட் குறைத்துவிடும். கருவியின் ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று விளக்கும் பக்கங்களை நாம் தன்னார்வமாக எழுதினோம். தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பல வருடம் ஒலிப்பதிவு செய்தவள் நீ; யாரோ சொன்னதை நம்பி ஒரு வரி எழுதமாட்டாய்.

"நிசப்தத்தை நீக்கு" என்ற கட்டளையை, கலும்பாங் ஊர் மேரி அக்கா பாடிய பாட்டில் ஓட்டிப் பார்த்தாய். ஆஸ்துமாக்காரர், வரிக்கு வரி நின்று, மூச்சு வாங்கித்தான் பாடுவார். ஏஜண்ட் அந்த இடங்களையெல்லாம் வெட்டிப் போட்டது. மூச்சே விடாத யாரோ ஒருத்தி பாடுவதுபோல் இருந்தது. வெட்டியதும் மூலப்பதிவிலேயே. நல்லவேளை, நீ தனியாக நகல் வைத்திருந்தாய்.

அன்றே அந்தப் பக்கத்தின் தலையில் எழுதினாய்: "இது மூலப்பதிவையே மாற்றிவிடும். முதலில் நகல் எடு. மனிதக் குரல் என்றால், உரியவரைக் கேட்காமல் தொடாதே."

"இதெல்லாம் யாருடி படிக்கப் போறா?" என்றேன்.

"மனுஷன் படிக்கமாட்டான். ஏஜண்ட் படிக்கும்லா, ஒரு வரி விடாம. நாம சொன்னாத்தான் அதுக்குத் தெரியும்."

திட்டத்தை நடத்தும் கோலாலம்பூர்க்காரருக்கு அது பிடிக்கவில்லை. "இப்படி எழுதினா ஆளுங்க பயந்துடுவாங்க, சிஸ்டர்" என்றார் காணொளி அழைப்பில்.

"பயப்படட்டும் சார். பயப்பட வேண்டிய இடம்தானே இது?"

அவர் பேச்சை மாற்றினார். எச்சரிக்கை அப்படியே இருந்தது, நீ உயிரோடு இருந்தவரை.

நீ போனபின் புதிய பதிப்பு வந்தது. முகப்பில் உன் பெயர். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூ. 'எங்கள் அன்புச் சகோதரிக்குச் சமர்ப்பணம்.' நெஞ்சு நெகிழ்ந்துதான் உள்ளே போனேன். நீ எழுதிய எச்சரிக்கையைக் காணோம். 'தேவையற்ற நிசப்தத்தை நீக்கும்' என்று ஒரே வரி. எது தேவையற்றது? யாருக்குத் தேவையற்றது? உன் பெயரை அலங்காரமாக வைத்துக்கொண்டு உன் சொல்லைத் தூக்கி எறிந்திருந்தார்கள்.

அவரை அழைத்தேன். "துக்க நேரத்துல இதப் பேசணுமா? அவங்களும் எளிமையாத்தான் இருக்கணும்னு விரும்பியிருப்பாங்க" என்றார். உன் விருப்பத்தை எனக்கே சொல்லிக்கொடுக்கிறார்! செத்தவள் மறுத்துப் பேசமாட்டாள் என்ற தைரியம்.

அடுத்த மாதம் சுங்கை சோவிலிருந்து லோரி ஓட்டுநர் ஒருவர் அழைத்தார். தமிழ்ப் பக்கத்தில் என் எண் இருந்தது. பக்கவாதம் வந்து இறந்துபோன மனைவி, பிள்ளைகளுக்காகப் பேசிய பதிவு அவரிடம் இருந்தது.

"மேல சுத்துற காத்தாடி சத்தத்தைக் குறைன்னுதான்மா சொன்னேன். பேச்சுக்கு இடையில இருந்த நிசப்தத்தையெல்லாம் ஏஜண்ட் வெட்டிருச்சு. அவ நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவா. இப்ப கடகடன்னு பேசுறா. சின்னவ கேட்டுட்டு, இது அம்மா இல்லைங்கிறா."

வேறு நகல் இல்லை. அவர் சம்மதத்தோடு அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்துவந்தேன். மிச்சமிருந்ததைப் போட்டுக் காட்டினார்.

கோலாலம்பூர்க்காரர், "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஐயா நகல் எடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

"நகல் எடுன்னு அவ எழுதியிருந்தாளே சார்! அதை நீக்கினது யாரு?" கத்திவிட்டேன். "அந்த வரியத் திரும்பப் போடுங்க. இல்லன்னா அந்தப் பூவ எடுங்க. வரிய எடுத்துட்டுப் பூவ மட்டும் வச்சுக்க முடியாது."

அந்த வாரமே வரி திரும்பி வந்தது, நீ எழுதியபடியே. லோரி ஓட்டுநருடைய மனைவியின் குரல் திரும்பவில்லை. அவர் என்னைக் குறைசொல்லவில்லை. "இனி யாருக்கும் ஆகாம இருந்தாச் சரி" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் வரவில்லை.

ஒவ்வொரு புதிய பதிப்பையும் திறந்து, உன் வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். ஆறவிடமாட்டேன். நீ விட்டுப்போனதில் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது அந்தக் கோபம்தான்.