நிதனின் பெட்டி திறக்கவில்லை

ஜனவரி 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். பொங்கலுக்கு வளவு கூட்டும் வேலை என் தலையில். விளக்குமாறு பிய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.

படலையடியில் தர்சி. நிதனின் தங்கை. மயிலிட்டியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன்.

"வேண்டாம் அக்கா, செத்த வீட்டுத் துடக்கு."

துடக்கு இல்லாத நாளில் வந்தாலும் எங்கள் வீட்டில் அவளுக்குத் தேத்தண்ணி எந்தக் கோப்பையில் போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு பையைத் தந்தாள். உள்ளே நி.யின் சின்னக் கொம்பியூட்டர், டிஸ்க், கீபோட். உள்ளங்கை அளவுப் பலகை. சவர்க்காரப் பெட்டிக்குள் அவனே திருகிப் பூட்டியது. தன் படங்கள் தன்னிடமே இருக்க வேண்டும், எவனும் திறக்கக் கூடாது என்று கடவுச்சொல் போட்டிருந்தான்.

"அண்ணையின்ரை போனும் கடலோடை போட்டுது. கல்வெட்டுக்குப் போட நல்ல படம் ஒண்டும் இல்லை. அடையாள அட்டையிலை சின்னப் பெடியன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும் அக்கா."

முப்பத்தோராம் நாள் வீடு வீடாகப் போகும் நினைவுப் புத்தகம் அந்தக் கல்வெட்டு. முதல் பக்கத்தில் அவன் முகம் வர வேண்டும்.

"கடவுச்சொல் உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்."

தெரியும்.

அவள் போனதும் அம்மா: "ஆர் பிள்ளை அது?"

"என்னோடை படிச்ச பெடியன்ரை தங்கச்சி. மயிலிட்டி."

"ஓ. அங்கைதானே போன மாசம் வள்ளம் கவிண்டு ஒருத்தன் செத்தவன். அதுகளுக்கு உது பழக்கம்தானே."

அதுகள். பழக்கம். விளக்குமாற்றை எறிந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அவனை எரித்த நேரம் நான் ரியூசனில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டரில் அட்டவணை போடப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். செத்த வீட்டுக்குப் போவதற்கு ஓர் உறவுமுறை வேண்டும். எனக்கு இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

பனி. மூக்கடைப்பு. அதனால் கண் சிவப்புக்கு ஒரு காரணம் கிடைத்தது.

ரீவியில் பொருத்தி, என் போன் சாச்சரில் போட்டு இயக்கினேன். கறுப்புத் திரை, கடவுச்சொல் கேட்கும் ஒரு வரி. கீபோட் செத்துக் கிடக்கிறது. செய்து பார்த்தவை:

– வேறு துளையில் செருகினேன். ஒரு தரம் பச்சை மின்னி அணைந்தது.
– வகுப்பிலிருந்து வேறு கீபோட். அதே.
– நி.யின் கீபோட்டை என் லப்ரொப்பில். நன்றாக வேலை.
– டிஸ்கை லப்ரொப்பில். "இதை அழித்துப் புதிதாக்கவா?" என்று கேட்டது. பிடுங்கிவிட்டேன்.

அது சொல்லைக் கேட்கிறது. சொல் என்னிடம் இருக்கிறது. ஓர் எழுத்தும் போகவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "செய்தி பாக்கோணும். உந்தக் குப்பையைக் கழட்டு."

ஜனவரி 14, புதன்

கண்டுபிடித்தேன். டிஸ்கைக் கழற்றிவிட்டு இயக்கினால் கீபோட்டின் பச்சை நின்று எரிகிறது. டிஸ்கைச் செருகினால் அணைகிறது. மின்சாரம் காணாது. போன் சாச்சரின் முனை பொருந்துகிறது என்பதற்காகப் போதும் என்று நினைத்தேன். வருவதை எல்லாம் டிஸ்க் குடித்துவிட, கீபோட்டுக்கு மிச்சமில்லை.

யாழ்ப்பாணம் ரவுண். கரும்பும் பானையுமாகத் தெரு அடைபட்டுக் கிடந்தது. கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சவர்க்காரப் பெட்டிக்கை கொம்பியூட்டரோ! ஆர் செய்தது தங்கச்சி? கெட்டிக்காரன்."

"ஓம்."

"இதுக்குப் பெரிய சாச்சர் வேணும். கொழும்பிலை சொல்லித்தான் எடுக்கலாம். பொங்கல் முடிய வாங்கோ."

திரும்பும்போது பஸ்ஸில் அவன் குரல். "உங்கடை ஆக்களுக்குச் சுவரிலை பிளக் ஓட்டை இருந்தால் காணும். நாங்கள் எல்லாத்தையும் வள்ளப் பற்றரியிலை ஓட்டுறனாங்கள்." கிண்டல் என்று எடுத்துச் சிரித்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். இந்தப் பெட்டிக்கென்று தானே ஒட்டிய வயரும் வைத்திருந்தான்.

தர்சிக்குப் போன் எடுத்தேன்.

"பழைய பற்றரி வீட்டை கிடக்கு, வயரும் கிடக்கு. ஆனா அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலை வரேலாது அக்கா. நீங்கள் வாறியளோ?"

அவன் இருந்தபோது ஒரு நாளும் போகாத வீடு. எத்தனையோ தரம் கூப்பிட்டான்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வெடிச் சத்தத்தில் எழுந்தேன். கோலம், கும்பம், பொங்கிய புக்கை. ஒரு வாய் வைத்தேன், இறங்கவில்லை.

"கோயிலுக்குப் போட்டு வாறன்."

"எந்தக் கோயிலுக்கு, உந்தப் பையோடை?" அப்பா. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மயிலிட்டியில் அவர்கள் வீட்டில் மட்டும் கோலம் இல்லை. நான் யாரென்று நி.யின் அம்மா கேட்கவில்லை. "வா பிள்ளை," என்றார், நேற்றும் வந்தவளைக் கூப்பிடுவது போல. அவன் மாமா பற்றரியைத் தூக்கி வைத்து வயரைக் கவ்வ வைத்தார். டிஸ்க் சுழலும் சத்தம். கீபோட்டில் பச்சை. நின்றது.

தட்டினேன். அவன் அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஒண்டும் விழேல்லையே பிள்ளை."

"விழாதம்மா. எழுதுறது வெளியிலை தெரியாது. உள்ளுக்கை போகுது."

திறந்தது.

படங்கள்: வலை. மழைக்கு முந்திய வானம். மீன் வெட்டும் அம்மா. திட்டுகிற தர்சி. நான், நான், நான். மாமா தொண்டையைச் செருமினார். படம் எடுத்தவன் எதிலும் இல்லை. கடைசியில் ஒன்று. கீரிமலையில் யாரோ எடுத்துத் தந்தது. அவன் சிரிக்கிறான். அவன் தோளில் கைபோட்டபடி பக்கத்தில் நான்.

அம்மா: "இது காணும். இரண்டு பேரும் இருக்கட்டும்."

மாமா: "அக்கா, விசர்க்கதை கதையாதை. பிள்ளை, குறை நினையாதை. கல்வெட்டு நாலு ஊருக்குப் போகும். உன்ரை முகம் கிடந்தால் உன்ரை வீட்டிலை உன்னைத்தான் கொல்லுவினம்."

சரியாகத்தான் சொன்னார். அதுதான் ஆத்திரம். எங்கள் வீட்டுச் சாதித்திமிருக்கு, பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எனக்காகப் பயப்படுகிறது. அந்த அம்மாவைக் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார விடாத ஊர் என்னுடையது.

படத்திலிருந்து என்னை நானே வெட்டினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரும்போது ஒரு பார்சல் மீன் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பஸ் தரிப்பிடத்து நாய்க்கு வைத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

ஜனவரி 16, வெள்ளி

வெயில். அச்சகம் எங்கள் பக்கம், கொக்குவிலில் என்பதால் நானே கொண்டுபோனேன். அச்சகக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். நல்ல தெளிவு. அவன் கண்ணுக்குள் கடல் தெரிந்தது.

"தங்கச்சி, தோளிலை ஆரின்ரையோ விரல் கிடக்கு. அழிச்சு விடட்டோ?"

கையை மேசைக்குக் கீழே இறக்கினேன்.

"கிடக்கட்டும்."