சேவலுக்கு ஒரு வரி

ஜனவரி 28, செவ்வாய்

சாரதாமணி அக்காவிடம் இன்று நான் சொல்லாதது: அந்த வீடியோவில் பெண்ணும் பேசியிருக்கிறாள்.

அக்கா திருச்செங்கோட்டில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். பெண் வீட்டுக்குப் போய் வீடியோ எடுத்து இணையத்தில் போடுவார்கள். அதில் பேசுவதையெல்லாம் எழுத்தாக்கிக் கீழே ஓடவிடுவது என் வேலை, ராசிபுரத்தில் வீட்டிலிருந்தபடியே. "மாப்பிள்ளைப் பசங்க பாதிப்பேரு போர்வெல் போடற ரிக் வண்டியோட வடக்க கெடக்கறாங்க. போர் ஓட்டற சத்தத்துல ஒண்ணுங் கேக்காது சாமி. காதுல உழுந்ததெல்லாம் எழுத்துல வந்தறோணும்." அக்கா எனக்குச் சொன்ன ஒரே விதி.

இன்றைய வீடியோவில் தங்கசாமி என்ற கோழிப்பண்ணைக்காரர் தன் மகள் மைதிலியைப் பற்றிச் சொல்கிறார். எப்போதும் அப்பாதான் பேசுவார். பெண் பக்கத்து நாற்காலியில் சிரித்த முகமாக இருக்க வேண்டும். "எம்புள்ளைக்குப் பரிபூரண சம்மதமுங்க" என்கிறார். அந்தக் கனத்த குரலுக்கு அடியில், உதடு அதிகம் அசையாமல், அவள்: "எனக்கு இப்ப வேண்டாங்கப்பா. நேத்தே சொன்னனுங்களே."

கணினி தானாக எழுதித் தந்ததில் அந்த இடம் காலி. ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். சந்தேகமே இல்லை.

காலியாகவே அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

அந்தக் காலி இடத்துக்கு முந்தைய வரி: [சேவல் கூவுகிறது]. அதை எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 1, சனி

அக்கா போனில் ஒரே குஷி. "ஜீவான்னு ஒரு பையன், சொந்த ரிக்கு. மத்தியப் பிரதேசத்துல நிக்கறான். ஓடற வண்டிக்குப் பக்கத்துல நின்னு உன்ற எழுத்தைப் படிச்சுத்தான் செரின்னானாம்! தை முடியறதுக்குள்ள உறுதி பண்ணோணும்னு வர்ற வெள்ளிக்கெழம அவங்கூட்டுல இருந்து பொண்ணு ஊட்டுக்கு வாராங்க. அடுத்த வீடியோ உனக்கு மாப்ள பாக்கறதுக்குத்தான் பாத்துக்கோ."

சிரித்து வைத்தேன்.

ஒரு வரி எழுதியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். வேறு எந்த வழியிலும் தெரியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

புத்தகத்தை எடுத்தால் ஒரே பக்கத்தில் நிற்கிறேன். நாவல்களில் ஒட்டுக்கேட்கிறவர்களை எனக்குப் பிடித்ததே இல்லை. கேட்டதை எங்காவது கொண்டுபோய்ச் சொல்லி எல்லாவற்றையும் கெடுப்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவள் மட்டும் ஒழுங்கா? எழுதினால் வீட்டில் அவளை என்ன செய்வார்கள் — அடிப்பார்களா? எனக்கென்ன தெரியும் அவங்க ஊட்டைப் பத்தி? எனக்கெதுக்கு இது? பேசாம இருந்தா என்ன? பேசாமத்தானே இருக்கேன்...

பிப்ரவரி 3, திங்கள்

மையத்தின் பதிவுத் தகவலில் மைதிலியின் எண் இருந்தது. நாமக்கல்லில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன், என்ன கேட்டது என்று சொன்னேன்.

சாப்பாட்டு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

"அது உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

"கேட்டுச்சு."

"அப்பா ஒட்டித்தான் உக்காந்திருந்தாரு. அவருக்குக் கேக்கலீங்க."

எழுதலாமா என்று கேட்டேன். வீட்டில் என்ன ஆகும் என்றும் கேட்டேன். "சத்தம் போடுவாரு. போடட்டுங்க. எழுதிப்போடுங்கக்கா." பிறகு சட்டென்று ஒரு சிரிப்பு: "யாராச்சும் கேட்டா கம்ப்யூட்டரே எழுதிருச்சுன்னு சொல்லிக்கோங்க."

எழுதினேன். இணையத்தில் ஓடும் எழுத்தைத் திருத்தும் வசதி என்னிடமே இருக்கிறது; காலியாக விட்ட இடத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒன்றுமில்லை. பத்துத் தடவையாவது போனை எடுத்துப் பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 5, புதன்

ஜீவா மறுபடி வீடியோவைப் பார்த்திருக்கிறான். பார்ப்பான்தானே, பிடித்த பெண் ஆயிற்றே. "அந்தப் புள்ள வேண்டாங்குதே" என்று அம்மாவுக்குப் போன் போட, அவர் அக்காவுக்குப் போட, அக்கா எனக்கு.

"ஏஞ்சாமி, ஊட்டுக்குள்ள பேசறதையெல்லாம் எழுதிப் போடுவியா?"

"காதுல உழுந்ததெல்லாம் எழுதச் சொன்னீங்களேக்கா."

"சேவலப் போடச் சொன்னேன். புள்ளயப் போடச் சொன்னனா?"

கம்ப்யூட்டர் எழுதியது என்று நான் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன் என்றேன். வீடியோவை எடுத்துவிட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

தங்கசாமியே கூப்பிட்டார். திட்டுவார் என்று எழுந்து நின்றுகொண்டேன். குரல் தணிந்திருந்தது.

"எந்த எடத்துலீங்க? எங்கிட்டயும் அந்த வீடியோ இருக்குது. எத்தன வாட்டி போட்டாலும் எனக்கு என்ற பேச்சுத்தான் கேக்குது."

'பரிபூரண சம்மதம்' என்கிற இடம், ஹெட்போன் வைத்துக் கேளுங்கள் என்றேன்.

"எந்நேரமும் பண்ணைல கத்திக் கத்தித்தானுங்க பேசறது" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. "செரிங்" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சொன்னபடி அந்த வெள்ளிக்கிழமை, ஏழாம் தேதி, மாப்பிள்ளை வீட்டார் போகவில்லை. அன்று காலையில் தங்கசாமியே போன் செய்து வரவேண்டாம் என்றுவிட்டாராம். மைதிலி இன்று எழுதியிருந்தாள்: அப்பா அவளோடு பேசுவதில்லை, அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மையத்திலிருந்து எனக்கு அதற்குப் பிறகு வீடியோ எதுவும் வரவில்லை.