பெட்டிப் பலகை மறைப்பு

கரமனை, வியாழன் இரவு.

டைல்ஸ் கடையில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளை நான் மலிவாக வாங்கி வந்தபோது, "ஒரு மழைக்கு நிக்காதாக்கும்" என்றார் இவர். இரு பக்கமும் விளிம்பும் விடாமல் மூன்று தரம் கரும்பச்சை பெயிண்ட் அடித்தேன். நேற்று ஆசாரி அவற்றைப் பின்முற்றத்து மதில்மேல் வரிசையாக நிறுத்தினார்.

இன்று மதியம் கொட்டிய மழையில் துளிகூடச் சாயம் போகவில்லை. இவர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் முற்றத்தில் நைட்டியோடு, ஈரத்தலையை விரித்துப் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக மதிலுக்கு மேல் எட்டி என் அடுப்பை விசாரிக்கும் பக்கத்து வீட்டு மாமி, பலகைக்கு அந்தப்புறம் நின்று கூப்பிட்டாள்.

"கோமு, ஆத்துல இல்லியோ?"

நான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தேன். டம்ளரைச் சத்தமில்லாமல் டவராவில் வைத்தேன்.