ஜாடியில் வெளுத்த செடி

விருத்தாசலம்
12.2.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

மணிபாரதி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். பீங்கான் வேலையும் பழகிவிட்டது.

என்னோடு அறையில் இருக்கும் வீரமுத்து, ஜன்னலோரம் ஒரு செடி வைத்திருந்தார். "எலையெல்லாம் மஞ்சளாப் போவுதுங்க. நீங்க வெவசாயி வூட்டுப் புள்ள, பாருங்களேன்" என்றார். அடியிலைகள் வெளுத்திருந்தன. ஜாடியில் ஓட்டையே இல்லை. தேங்கிய தண்ணீரில் வேர் அழுகத் தொடங்கியிருந்தது. மண் தொட்டிக்கு மாற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பச்சை பிடித்தது.

போன வாரம் அவர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து சிரித்தார். தம்பியின் சட்டைப் பையில் வருமே, அதே வாடை. கஞ்சா. அவன் கெட்டுப்போனபோது பக்கத்தில் இல்லாத நான், இங்கே அந்தச் செடியைப் பிழைக்க வைத்திருக்கிறேன் அம்மா.

பிடுங்கிச் சூளை நெருப்பில் போட்டுவிட்டேன். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டதோடு சரி, வீரமுத்து என்னிடம் பேசுவதில்லை. பயப்படாதீர்கள், வேறு அறை பார்க்கிறேன். பழைய போர்வை ஒன்று பார்சலில் அனுப்புங்கள்.

தம்பியை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவன் கை இப்போது நடுங்குவதில்லையே?

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மணிபாரதி