கழலாத நட்டு

மார்ச் 3, திங்கள்
படகைப் பட்டறைச் சரிவில் ஏற்றியாகிவிட்டது. ஒரு வாரமாகப் பின்பக்கம் ஏன் உதறியது என்று இப்போதுதான் தெரிகிறது. தண்ணீரைத் தள்ளும் விசிறியின் ஓர் இதழில் விரல் நீளத்துக்கு விரிசல். புது விசிறி கையில் இருக்கிறது, பழையதைக் கழற்றினால் போதும் என்று நினைத்தேன். நட்டுக்குக் குறுக்கே செருகியிருந்த பின் ஊசி சமர்த்தாக வந்துவிட்டது. நட்டு வரவில்லை.

வெள்ளி மாலைக்குள் சரிவைக் காலி செய்ய வேண்டும். விட்டால் அடுத்த முறை இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவரை அக்கரைக்குப் போகிறவர்கள் எனக்காகவா காத்திருப்பார்கள்?

மார்ச் 4
ஸ்பானரில் ஆள் உயரக் குழாயைச் செருகித் தொங்கினேன். ஸ்பானர் வழுக்கியது. நான் சேற்றில். சிரிப்பை அடக்கப் பட்டறைக்காரர் ரொம்பச் சிரமப்பட்டார்.

"எதிர்ப்பக்கம் திருகிப் பாத்தீங்களா?"

பார்த்தேன். மரை வழக்கமான பக்கம்தான் ஓடுகிறது. துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். போன வருடம் நானேதான் முறுக்கினேன். என் கைக்கு இவ்வளவு பலம் ஏது? அதுதான் மண்டையைக் குடைகிறது.

மார்ச் 5
கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றினோம். அசையவில்லை. சனியன்!

மார்ச் 6
கருவிகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பிறகு பெயின்டைச் சுரண்டினேன். நட்டும் தண்டின் மரையும் சேருமிடத்தில் மூன்று குழிகள். ஒரே அளவு, ஒரே இடைவெளி. துருவுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. யாரோ பஞ்ச் உளி வைத்து அடித்து, மரையை நசுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். யார்?

பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். "என் ஆளுங்க இப்படி அடிக்கமாட்டாங்க. போன வருஷம் நீங்க சாப்பிடப் போனப்ப உங்க தம்பி வந்தாரே. நீங்கதான் அனுப்பினீங்கன்னு நெனச்சேன்."

தம்பியா! அப்பா படகை என் பெயருக்கு எழுதிய நாளிலிருந்து என் வீட்டு வாசலை மிதிக்காதவன். நான் பிழைக்கவே கூடாது என்று இவ்வளவு வன்மமா? போனைப் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். இரண்டு வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது.

முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு, "தனியாதான ஓட்டுற? நடு ஆத்துல விசிறி கழண்டு விழுந்தா யாரு இருக்கா உனக்கு? அதான், கழலவே கூடாதுன்னு அடிச்சேன்" என்றான்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா!"

"நீ பேசினியா?"

வைத்துவிட்டான். அவன் ஒரு மடையன் — நான் மட்டும் என்னவாம்? பட்டறைக்காரர் பார்க்காதபோது கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 7, வெள்ளி
ஆறரைக்கெல்லாம் டிரில்லோடு வந்து நின்றான். இளைத்திருக்கிறான். மூன்று குழிகளையும் பதமாகத் துளைத்தெடுத்தான். நான் குழாயைப் பிடித்து இழுத்தேன். கிரீச்சென்று நட்டு சுற்றியது! ஆசையில் முழுசாகக் கழற்றப் போனேன்.

"நாலு சுத்து மரையில விட்டு வை. இல்லன்னா விசிறி கால்ல வந்து விழும்."

விட்டு வைத்தேன். விசிறியை இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டி முறுக்கியதும் விசிறி டப்பென்று தெறித்து அந்த நட்டில் முட்டி நின்றது. கால் தப்பியது. அரத்தால் மரையைச் சுத்தம் செய்தான். மதியத்துக்குள் புது விசிறி, புது நட்டு, புதுப் பின்.

"இதையும் அடிக்கப் போறியா?"

"பின் போதும்."

சாயங்காலம் தண்ணீரில் இறக்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். அவன் பின்பலகையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அடித்தட்டில் வைத்தபடியே வந்தான். அக்கரையைத் தொட்டோம். திரும்பும்போது, "அக்கா, உதறவே இல்ல" என்றான்.

எஞ்சின் சத்தத்தில் கேட்காதவள் போல, "என்ன?" என்றேன்.

மறுபடியும் சொன்னான்.