வாம்பேட் கதைக்காக என் மருந்தைத் தடுத்து வைத்திருப்பது குறித்து

அனுப்புநர்
வெர்னன் டல்லி,
படகு இயந்திரம் பழுதுபார்ப்பவர்,
பெல்காட் குடா, டாஸ்மேனியா.

பெறுநர்
போதை மீட்பு மருந்துப் பிரிவு அலுவலர் அவர்கள்,
மாநில சுகாதாரத் துறை, ஹோபார்ட்.

பொருள்: மூன்று நாள் மெத்தடோன் மருந்தைக் கையில் தர மறுப்பது – தலையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முதுகு வலி மாத்திரைக்கு அடிமையாகி, அதிலிருந்து மீள மெத்தடோன் குடித்து வருகிறேன். என் மருந்தளவு வெகுநாளாக ஒரே நிலையில் இருக்கிறது. மூன்று நாள் மருந்தை என்னிடம் கொடுத்தனுப்பலாம் என்று மருத்துவர் சம்மதித்தும், எங்கள் ஊர் மருந்தாளுநர் திருமதி நோரீன் பாஸ்கோ, 'இவருக்குத் தினசரி மேற்பார்வை தேவை' என்று எழுதித் தடுத்துவிட்டார். அதற்குக் காரணம் நான் அல்ல, குட்டிக் கரடி போன்ற ஒரு வாம்பேட்.

2. கவுண்டரில் மருந்தைக் குடித்ததும் தண்ணீர் குடித்து, ஏதாவது பேசிக் காட்ட வேண்டும் என்பது தாங்கள் அறிந்த விதி. நான் "நல்லாருக்கேன்" என்று சொல்லி வந்தேன். "அத வாய்க்குள்ள மருந்த வெச்சுக்கிட்டே சொல்லலாம். முழுசா ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றார் நோரீன். வேறொன்றும் தோன்றாமல், "எங்க ஊர் மதுக்கடைக்கு அடியில வளை தோண்டின வாம்பேட் ஒண்ணு, கடையே தன்னோடதுன்னுச்சு" என்றேன். வினை அன்று ஆரம்பித்தது.

3. தினம் ஒரு வாக்கியமாக அந்தக் கதை வளர்ந்து, இப்போது அதில் வாம்பேட்டின் வழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரர் பெரில் ஹாஸ்கின் மடக்கு நாற்காலியோடு வருகிறார். இருமலே இல்லாமல் இருமல் மிட்டாய் வாங்குகிறார். ஒரு நாள் நான், "இன்னிக்கு மேகமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். "நோரீன், இந்தாளு மருந்த முழுங்கலன்னு நெனைக்கிறேன். இன்னொரு தடவ பாரு" என்றார் பெரில். பொது இடத்தில் நாக்கைத் தூக்கிக் காட்ட நேர்ந்தது.

4. கதையை முடித்துத் தொலைக்க எண்ணி, வாம்பேட்டை லாரியில் அடிபட்டுச் சாக வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த நண்டு பிடிக்கும் மிக் கார்வி அஞ்சலியாகத் தொப்பியைக் கழற்றிவிட்டார். மனம் கேட்காமல் மறுநாள், அது வேறொரு வாம்பேட் என்று திருத்திச் சொன்னேன். என் தவறுதான்.

5. என் மகள் கிர்ஸ்டி கடலுக்கு அப்பால் ஒரு சிறு தீவில் இருக்கிறாள். அங்கே மருந்துக்கடை கிடையாது. நான் மாத்திரையில் கிடந்த காலத்தில் என்னோடு பேச்சை நிறுத்தியவள், சென்ற வாரம் அவளாகவே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம பையனுக்குப் பேர் வைக்கிறோம். வாங்கப்பா. ஆனா மருந்தோட வாங்க, அது இல்லாம வராதீங்க" என்றாள். பேரனை நான் இன்னும் பார்த்ததில்லை. இதை நோரீனிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியது உண்மை. துடைத்துக்கொண்டு, "வாம்பேட் சாட்சிக் கூண்டுல ஏறி நிக்கிது வெர்னன். இப்பவா ஊருக்குப் போவீங்க?" என்றார்.

6. ஆகவே, வெள்ளிக்கிழமை படகுக்கு முன் மூன்று நாள் மருந்து என் கையில் கிடைக்க உத்தரவிட வேண்டுகிறேன். பூட்டுள்ள பெட்டி வாங்கி வைத்துள்ளேன்.

7. இன்னொரு விண்ணப்பம். திரும்பி வந்தபின் தாராள மனதோடு ஏழு நாள் மருந்தையும் கையில் கொடுத்துவிட வேண்டாம். செவ்வாய்க்கிழமை மட்டுமாவது கவுண்டரிலேயே இருக்கட்டும். நான் வாய் திறந்தால் ஊரார் கதவைச் சாத்திய காலம் ஒன்று உண்டு. இப்போது நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். அதை இழக்க எனக்கு மனமில்லை.

இதைப் படித்துவிட்டு வாம்பேட் என்ன சாட்சி சொல்லும் என்று தொலைபேசியில் கேட்க வேண்டாம். நான் திரும்பி வந்தபின், அடுத்த செவ்வாய் காலை கடை திறக்கும் நேரத்துக்கு நேரில் வரவும். நாற்காலி தாங்களே கொண்டுவர வேண்டும்.

இடம்: பெல்காட் குடா
நாள்: ஆகஸ்ட் 12, திங்கள்

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) வெர்னன் டல்லி