ஐந்தாம் பாகத்தைப் பற்றி அண்ணியின் கருத்து

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கூப்பிட்டால் "ம்", "சரி" என்பதற்கு மேல் உங்களுக்குப் பேச்சு வராது. அதனால் பழையபடி கடிதம். போன கடிதத்துக்கே இன்னும் பதில் வரவில்லை, கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் மனசு கேட்காமல் பார்சல் கட்டிவிட்டேன். நம் ஏரிக்கரை ஊர் துப்பறியும் நாவல் தொடரின் ஐந்தாம் பாகம்!

என் வாடகை நூலகத்தில் இப்போது இந்தப் புத்தகத்தால் ஒரே சண்டை. கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிற ஆள் நீங்கள் என்பதால் முடிவைச் சொன்னால் திட்ட மாட்டீர்கள். பேக்கரிக்காரர் காணாமல் போகிறார். எப்போதும் குடையோடு திரியும் நம் குடை இன்ஸ்பெக்டர் ஊரையே சலித்துத் தேடுகிறாள். அவரைக் கொன்று விறகுக் கொட்டகையில் புதைத்து மேலே சிமெண்ட் தரை போட்டது அவருடைய மனைவிதான் என்று கடைசியில் தெரிகிறது. ஆனால் இன்ஸ்பெக்டர் கைது செய்யாமல், குடையை விரித்துக்கொண்டு போய்விடுகிறாள். தினம் அடி வாங்கியவள் என்று இரக்கமாம்.

ஓய்வு பெற்ற கோர்ட் கிளார்க் புத்தகத்தை மேஜையில் தட்டி, "நாலு பாகம் நல்லா எழுதிட்டு, அஞ்சாவதுல சட்டத்தையே குப்பையில போட்டுட்டானே!" என்றார். வாரம் நாலு புத்தகம் எடுக்கும் நர்ஸ் விடவில்லை. "நீங்க ஒரு ராத்திரி எங்க வார்டுக்கு வந்து பாருங்க சார், அப்புறம் பேசலாம்."

அடுத்த பாகத்தின் பின்பக்கங்களில் பதிப்பகத்தார் வாசகர் கருத்துகளை அச்சிடப் போகிறார்களாம். அவற்றைச் சேகரித்து அனுப்பும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கருத்து கட்டாயம் வேண்டும்.

அண்ணனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அம்மா வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

உங்கள்
பாப்பா

*

ஜனவரி 29

அன்பு பாப்பாவுக்கு,

கோபத்தோடு புத்தகம் அனுப்பியதற்கு நன்றி. இப்படியே அடிக்கடி கோபித்துக்கொள். கடையில் வேலை குவிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்ததால் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேருக்குக் கண்ணாடி. நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து படித்தேன், ஒரே மூச்சில்.

என் கருத்து இதுதான். இன்ஸ்பெக்டர் செய்தது சரி. கிளார்க் ஐயாவிடம் நான் சொன்னதாகவே சொல்.

ஆசிரியருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. புருஷன் இல்லாத முதல் இரவில் அவள் கட்டிலில் குறுக்காகப் படுத்து, விடிந்தது தெரியாமல் தூங்குகிறாளே, அந்த இடம். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் அவருக்கு இரண்டு விஷயம் தெரியவில்லை. ஒன்று, சிமெண்ட். ஒருத்தியாக ஒரே ராத்திரியில் அவ்வளவு தரை போட முடியாது. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்கு நான் தரை போட்டபோது, சின்ன இடம்தான், மணலும் ஜல்லியும் சுமந்தே இடுப்பு விட்டுப்போனது. இரண்டாவது, அவள் அடி வாங்கியது ஊரில் யாருக்குமே தெரியாது என்று எழுதியிருக்கிறார். அது சுத்தப் பொய். கொளுத்துகிற வெயிலில் ஒருத்தி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பார்கள், அவ்வளவுதான்.

உன் அண்ணனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அம்மாவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்.

உன்
அண்ணி

*

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கருத்தை நூலகத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

நர்ஸ், "அனுபவிச்சு எழுதியிருக்காங்க" என்றாள். கிளார்க் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு தடவை தனக்குள் படித்தார். "யாரும்மா இது?" என்றார். அண்ணி என்றேன். "வீட்டுக்காரர்?" என்றார். காணவில்லை என்றேன். கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார்: "இது கருத்து இல்லம்மா. வாக்குமூலம்."

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவள் படுக்கையில் கண் மூடவில்லை. கேட்டதையே கேட்கிறாள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்குச் சமாதானம் சொல்லத்தான் கேட்கிறேன். பின்பக்கத் தரையை எப்போது போட்டீர்கள்? அண்ணன் போவதற்கு முன்பா, பின்பா? அது ஒன்றை மட்டும் எழுதுங்கள், போதும்.

பாப்பா

*

பிப்ரவரி 21

பாப்பாவுக்கு,

அம்மாவுக்காகக் கேட்பதாக எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அவரே எழுதியிருக்கலாம். கேட்க வந்ததை நீ நேராகக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தரை பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. பதினான்கு வருஷம் இந்தக் குடும்பத்தில் இருந்துவிட்டு, "உன் அண்ணனை நான் கொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட என்னால் முடியாது.

சந்தேகம் இருந்தால் பஸ் ஏறி வா. என் முகத்தைப் பார்த்துக் கேள். சொல்கிறேன். சாப்பாடும் போடுகிறேன்.

அண்ணி

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. ஆனாலும் இந்தச் செய்தியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும். அண்ணன் உயிரோடு இருக்கிறார்!

உங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்று ஆனதும், அண்ணனைக் காணவில்லை என்று அப்போது அம்மா கொடுத்த பழைய புகாரைப் போலீஸ்காரர்கள் ஒழுங்காகத் தூசு தட்டியிருக்கிறார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாராம். நேற்று போனில் பேசினார். அம்மா பேச முடியாமல் அழுதாள். குரல் அப்படியே இருக்கிறது அண்ணி.

நான் செய்தது பெரிய தப்பு. நேரில் வந்திருக்க வேண்டும். கிளம்பலாம் என்று இரண்டு தடவை பை எடுத்தேன். நீங்கள் என்ன சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது. அம்மா வேறு, "என் பிள்ளை அந்தத் தரைக்கடியில கிடக்கிறானா, சொல்லுடி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்து, புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டேன். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அண்ணன் மாறிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. "அவ என்னைச் சேத்துக்குவாளா?" என்று கேட்டார். இந்த மாதக் கடைசியில் நேரே உங்கள் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். நடந்ததை எல்லாம் மறந்துவிட்டு, பெரிய மனசு பண்ணுங்கள். பழையபடி நாம் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம்.

உங்கள்
பாப்பா

*

ஏப்ரல் 19

பாப்பாவுக்கு,

இரண்டு போலீஸ்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். வயதானவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். "மன்னிச்சுக்கங்கம்மா. உங்க நாத்தனாரே எழுதிக் கொடுத்திருக்காங்க, நாங்க என்ன பண்றது" என்றார். பக்கத்து வீட்டு டீச்சர் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுவரோரம் ஏறி நின்றவர்களில் பாதிப்பேருக்கு நான்தான் கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறேன். தரையை உடைத்தார்கள், ஆள் மட்டத்துக்குத் தோண்டினார்கள், அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் முதலாளி, "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா. வர்றவங்க உன்னைத்தான் பாக்குறாங்க, கண்ணாடியைப் பாக்கல" என்றார். நல்ல மனுஷர். சம்பளத்தைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார்.

நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். தரை போட்டது அவர் போன பிறகு. அவர் இருந்தவரை பின்பக்கம் தண்ணீர் தேங்கும். அவர் வழுக்கி விழுந்தால் அதற்கும் என்னைத்தான் அடிப்பார். போனதும் கொத்தனாரைக் கூப்பிட்டு, அவரோடு நானும் மண் சுமந்து, எனக்கென்று நான் செய்துகொண்ட முதல் காரியம் அது.

அவர் அடிப்பார் என்பது உனக்குப் புதுச் செய்தி இல்லை. லீவுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தபோது, அடுத்த அறையில் நீ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாய். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. உனக்கும் பயம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக உன்மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. மறுநாள் காலை நீ என் முகத்தைப் பார்க்காமல் காப்பி குடித்தாய். அதற்கும் இல்லை.

அவர் எங்கே போனார் என்று நான் தேடவே இல்லை. தேடினால் கிடைத்துவிடுவாரே என்று இருந்தது. இந்த இரண்டு வருஷமும் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினேன். நீ ஆள் வைத்துத் தேடி, அவரைக் கண்டுபிடித்து, என் வாசலுக்கு வழியும் சொல்லிக் கொடுத்துவிட்டாய். மாறிவிட்டார் என்கிறாய். இருக்கலாம். அதை என் உடம்பை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

குழியை மூடிவிட்டேன். சாவி வீட்டுச் சொந்தக்காரரிடம் இருக்கிறது. வேறு ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. எந்த ஊர் என்று எழுத மாட்டேன்.

அம்மாவுக்குப் பிள்ளை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்.

என்னை மட்டும் தேடாதே பாப்பா.

அண்ணி